பாதியில் எழுந்து போனவர்

கோர்ட்டுக்குப் போகிற அன்று வேம்பு அடுப்பு மூட்டவில்லை. பழைய சோற்றைப் பிழிந்து தூக்குவாளியில் போட்டு, மேலே ரெண்டு உப்பு மிளகாயை வைத்து மூடினாள். பெரிய மகள் அம்சம் எழுப்புவதற்கு முன்பே விழித்துத்தான் கிடந்தாள். தூக்கம் கலையாத சின்னவள் செவ்வந்தியை வேம்புவின் தம்பி அரசப்பன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். நெடும்பாத்தியிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து, பாபநாசம் போய், தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இருபுறமும் குறுவை கதிர் வாங்கி நின்றது. இந்த வருஷம் இதை அறுக்க யார் இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தை அறுப்பில் தொடங்கியது எல்லாம். கூலியாக அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள் என்று மிராசுதார் துரைராசு உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். நாலாம் நாள் காலையில் அவருடைய வயல்களைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரன் பக்கிரி களத்துமேட்டில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். அன்று மத்தியானமே போலீஸ் தெருவுக்குள் வந்து வேம்புவின் புருஷன் தங்கையனைப் பிடித்துக்கொண்டு போனது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்கிறவன் அவன். முதல் நாள் ராத்திரி அவனைக் களத்துமேட்டில் பார்த்தோம் என்று துரைராசுவின் ஆட்கள் இரண்டு பேர் சாட்சியும் சொல்லிவிட்டார்கள். ஆட்சி மாறிவிட்டது, இனிமேல் நம்மைக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்ட பேச்செல்லாம் ஒரு ஜாமீனுக்குக்கூட உதவவில்லை.

சங்கத்து வக்கீல் நம்பியிருந்தது ஒரே ஒரு விஷயத்தை. அந்த நேரத்தில் தங்கையன் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான் என்பதை.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் தங்கையன் வீட்டில் அதுதான் வழக்கம். கல்யாணமாகி, அம்சம் பிறந்த பிறகுதான் அவன் எழுத்துக் கற்றான். சங்கம் நடத்திய ராத்திரிப் பள்ளிக்கூடத்தில், சேறு காயாத காலோடு போய் உட்கார்ந்து கற்றான். அதிலிருந்து கஞ்சி குடித்ததும் சிமினி விளக்கை நடுவில் வைத்துக்கொள்வான். பாபநாசம் லைப்ரரியில் எடுத்த புத்தகம் மடியில் இருக்கும். செவ்வந்தி அவன் தொடைமேல் தலைவைத்துப் படுப்பாள். அம்சம் விளக்கை ஒட்டி உட்கார்ந்து, அப்பா திக்குகிற இடத்தில் எழுத்தைக் கூட்டிக் கொடுப்பாள். வேம்பு கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். நாளெல்லாம் குனிந்து நட்ட இடுப்புக்கு அந்தக் குரல் ஒத்தடம் மாதிரி.

வாசல் நிலையில் சாய்ந்தபடி அரசப்பன் கேட்பான். அவனுக்கு எழுத்து தெரியாது. அம்மா செத்தபோது அவன் பால் மறக்காத பிள்ளை. வேம்புதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். ஆனால் ஒருமுறை கேட்ட கதையை ஒரு வார்த்தை பிசகாமல் மறுநாள் வயலில் சொல்லிக் காட்டுவான்.

பினாங்குக்குக் கப்பலேறிப் போய்த் தொலைந்துபோன அண்ணனைத் தேடிக்கொண்டு ஒரு பெண் கிளம்புகிற கதையை அந்தத் தை மாதத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அது பாதியில் நின்றது.

கரையில் நடக்கும்போது அரசப்பன் அக்காவின் பக்கத்தில் வந்தான். நானும் வீட்டில்தான் இருந்தேன் என்று மறக்காமல் சொல்லிவிடு என்று இன்னொரு தடவை சொன்னான். அவன் சங்கத்துப் பையன், அவனையும் கேசில் இழுப்பார்கள். இது அவன் முன்பே கேட்டுக்கொண்டதுதான். அன்று அவன் வீட்டில் இல்லை என்பது வேம்புவுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் கூத்துப் பார்க்கப் போனேன் என்று சொல்லியிருந்தான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

தங்கையனைப் பற்றியும் அவளுக்கு ஒன்று தெரியும். அன்று படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணயர்ந்தாள். விழித்தபோது அவன் கொல்லையில் நின்று வேட்டியை அலசிக்கொண்டிருந்தான். பக்கிரி களத்தில் விழுந்து கிடந்தான், தூக்கி உட்கார வைத்தேன், உயிர் இல்லை என்றான். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. எப்போது எழுந்து போனான், எதற்குப் போனான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் அடித்திருக்க மாட்டான் என்பது மட்டும் தெரியும்.

அதனால்தான் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல அவள் துணிந்திருந்தாள். அம்சத்துக்கும் சொல்லி வைத்திருந்தாள். கடைசிவரைக்கும் அப்பாதான் படித்தார், எழுந்திருக்கவே இல்லை என்று சொல். அம்சம் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தஞ்சாவூர் கோர்ட்டில் முதலில் வேம்புவைத்தான் கூப்பிட்டார்கள். அம்சம், அரசப்பனோடும் செவ்வந்தியோடும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

கூண்டில் ஏறியதும் வேம்பு புருஷனைத் தேடினாள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே பதில் சொன்னாள். யார் யார் இருந்தீர்கள் என்று சர்க்கார் வக்கீல் கேட்டபோது, நானும் அவரும் ரெண்டு பொண்ணுங்களும் என் தம்பியும் என்றாள். நீ தூங்கவில்லையா என்றார். இல்லீங்க, கதை கேட்டுட்டு இருந்தேன் என்றாள். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு பின்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தபடி தங்கையன் தனக்குத் தானே சாட்சியாகக் கூண்டில் ஏறினான். வக்கீல் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னான். எங்கே படிக்கக் கற்றான், என்ன புத்தகம், என்ன கதை எல்லாம் சொன்னான். அதன் பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார். சங்கத்து வக்கீல் சாட்சிக்காகக் கொடுத்திருந்த அதே புத்தகத்தை மேஜையிலிருந்து எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தார்.

"எங்கே, கொஞ்சம் படிச்சுக் காட்டு. நாங்களும் கேக்கிறோம்."

வேம்புவுக்கு நெஞ்சு நிறைந்தது. படிக்கட்டும், இவர்கள் வாயடைத்துப் போகட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தங்கையன் புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். பிறகு தள்ளிப் பிடித்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். துறைமுகத்தில் விடிகிற காலை, கப்பலின் சங்கு, முந்தானையில் அண்ணனின் படத்தை முடிந்துவைத்துக்கொண்டு நிற்கிற பெண். குரல் எங்கும் தடுக்கவில்லை. வீட்டில்கூட அவன் இவ்வளவு சரளமாகப் படித்ததில்லை.

சர்க்கார் வக்கீல் கையை உயர்த்தி நிறுத்தினார். புத்தகத்தை வாங்கி, அதே பக்கத்தை ஜட்ஜிடம் நீட்டினார். இது புத்தகத்தின் நடுப்பக்கம். அதில் இருப்பது பினாங்கில் நடக்கிற ஒரு சண்டை. இவன் சொன்னது முதல் பக்கம். யாரோ சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்றார்.

கோர்ட்டில் சிரித்தார்கள். துரைராசுவின் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஜட்ஜ் சிரிக்கவில்லை. உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா என்று அவனிடமே கேட்டார்.

"தெரியுங்க," என்றான் தங்கையன். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "கண்ணுதான் தெரியலீங்க."

பிடித்துக்கொண்டு போன அன்று ஸ்டேஷனில் அடித்தார்கள். ஒரு கண் அன்றைக்கே போய்விட்டது. மற்றதில் ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. இதை ஏன் அப்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லவில்லை என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். சொன்னா மறுபடியும் அங்கேதானேங்க கொண்டு போவாங்க என்றான். பிறகு, கேட்காத ஒன்றையும் சொன்னான். வீட்டில் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

வேம்பு முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தைச் சாய்த்து நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் படிக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டான். மீதிக் கதையை நீங்க வந்து படிங்க என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்து அம்சத்தைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எட்டாவது படிக்கிற பெண். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டில் ஏறினாள். வக்கீல் கேட்ட நாலைந்து கேள்விக்குத் தலையாட்டியும் முனகியும் பதில் சொன்னாள். சர்க்கார் வக்கீல் எழுந்து, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே பேசினார். உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, இப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். தெரிந்த மாதிரி நடித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நீ பள்ளிக்கூடம் போகிற பெண், நீயும் ஏன் சேர்ந்து பொய் சொல்கிறாய்?

அம்சம் அப்பாவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்து நின்றான். அந்தத் தலையைப் பார்த்த பிறகு அவள் முகம் மாறியதை வேம்பு பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்ட நினைத்தாள். அம்சம் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியும்," என்றாள். "அன்னிக்கு அப்பாதான் படிச்சாங்க. அந்தப் பொண்ணு கப்பலை விட்டு இறங்கி, அண்ணன் வேலை பார்த்த தோட்டத்துக்கு வண்டியில போற வரைக்கும் அப்பா படிச்சாங்க. அங்க நிறுத்தி எங்கிட்ட குடுத்தாங்க. அதுக்கு மேல நான் படிச்சேன். ரெண்டு பேரும் படிச்சது எனக்கு வரி வரியாத் தெரியும். இப்பவே சொல்றேன், புஸ்தகத்தைப் பார்த்துக்குங்க."

சர்க்கார் வக்கீல் புத்தகத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. அப்பா ஏன் நிறுத்தினார் என்று மட்டும் கேட்டார்.

"வெளிய போறதுக்கு."

"எங்கே போனார்?"

அப்போதுதான் அம்சத்துக்குத் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது போலிருக்கிறது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். ஜட்ஜ், பயப்படாமல் சொல்லம்மா என்றார்.

"மாமா அன்னிக்கு வீட்டுக்கு வரலை. கோவமா எங்கியோ போயிருந்தாங்க. நீ படிச்சுட்டு இரு, தங்கச்சி முழிச்சுக்கப் போறா, மாமாவைப் பார்த்துக் கூட்டியாந்துடறேன்னுதான் அப்பா போனாங்க."

"போதும் அம்சம்," என்று தங்கையன் சொன்னான். கத்தவில்லை. ஆனால் கோர்ட் முழுக்கக் கேட்டது.

கூத்து, வேட்டி அலசிய சத்தம், என்னையும் சொல்லிடுக்கா என்று கரையில் கெஞ்சிய குரல் எல்லாம் வேம்புவுக்குள் ஒன்றோடொன்று வந்து பொருந்திக்கொண்டன. யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜட்ஜ் கேசை மறுநாளைக்கு வைத்தார். வராந்தாவில் வக்கீல் வேம்புவை ஒதுக்கி நிறுத்திப் பேசினார். பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே என்றார். அப்புறம், இனிமேல் மறைத்துப் பிரயோசனமில்லை, நாளைக் காலையில் உன் தம்பி என்னோடு வந்து நடந்ததைச் சொன்னால் உன் புருஷன் வெளியே வருவார் என்றார்.

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா தூக்குக்குக்கூடக் கேப்பாங்கம்மா. ரெண்டுல ஒருத்தரைத்தான் காப்பாத்தலாம். எந்த ஒருத்தர்னு நான் சொல்ல முடியாது."

வேனில் ஏற்றுவதற்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு நிமிஷம் விட்டார். தங்கையன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைச் சாய்த்தான். அம்சத்தை அடிக்காதே என்றான். அவள் எனக்காகத்தான் சொன்னாள்.

"அவனை எங்கியாவது போகச் சொல்லு வேம்பு. சின்னப் பய. உங்கம்மா நம்ம கையில குடுத்துட்டுப் போன பிள்ளை."

"அப்ப நீங்க?"

"நான் வந்து இனிமே என்ன செய்யப்போறேன். வரப்பு தெரியாது, நாத்து தெரியாது. புஸ்தகமும் தெரியாது."

அவள் பதில் சொல்வதற்குள் வேன் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மரத்தடியில் அரசப்பன் இல்லை. டீக்கடைக் காதர் மைதீனிடம் செவ்வந்தியை விட்டுவிட்டு, வந்துவிடுகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. கோர்ட்டு ஜன்னலோரம் நின்று அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போனான் என்று காதர் மைதீன் சொன்னார். பிள்ளைக்குக் கொடுத்த பொறை ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பஸ்ஸில் அம்சம் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பாபநாசத்தில் இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கும்போது, நான் தப்பாச் சொல்லிட்டேனாம்மா என்று கேட்டாள். நடந்ததைத்தானே சொன்னே என்றாள் வேம்பு.

செவ்வந்தி கஞ்சி குடித்து முடிக்கிற நேரத்தில் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு அரசப்பன் வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. ரோட்டில் வராமல் வயல் வழியாக வந்திருக்கிறான். ஊர்த் தெருவில் துரைராசுவின் ஆட்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். வேம்பு தட்டை எடுத்து அவனுக்கும் ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை. சுவரோரமாகக் குந்திக்கொண்டு தானாகவே சொன்னான்.

அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கிய ராமாயிக் கிழவியைப் பக்கிரி எட்டி உதைத்தான். அதைக் கேட்கத்தான் அரசப்பன் ராத்திரி களத்துக்குப் போனான். பக்கிரி அரிவாளை எடுத்தான். இவன் மண்வெட்டிக் காம்பால் அடித்தான். ஒரே அடி. மச்சான் ஓடிவந்தபோது பக்கிரிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னை ஓடுன்னு சொல்லிட்டு அவரு நின்னுட்டாருக்கா. அவன் வாயில தண்ணி ஊத்திக்கிட்டு நின்னாரு. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடினேன்."

"இத்தனை மாசமும் எதிரே உக்காந்து சோறு தின்னியேடா," என்றாள் வேம்பு.

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாளைக்கு வக்கீலிடம் வருகிறாயா என்று அவள் கேட்கவில்லை. ஓடிப்போ என்றும் சொல்லவில்லை. மச்சான் என்ன சொன்னார் என்று அவன் கேட்டபோது, உன்னைச் சாப்பிடச் சொன்னாரு என்றாள்.

செவ்வந்திக்கு இதெல்லாம் புரியவில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டு, அக்கா படி என்றாள். தங்கையன் போன பிறகு அம்சம்தான் தினமும் படிக்கிறாள். கப்பல் கதையைத் தொடவில்லை. அதுதான் கோர்ட்டில் இருக்கிறதே. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலிருந்து ஏதாவது படிப்பாள்.

"மாமா இருக்கறப்ப நான் படிக்க மாட்டேன்," என்றாள் அம்சம்.

அரசப்பன் எழுந்து கொல்லைப் பக்கம் நகர்ந்தான். வேம்பு அவனைப் பார்க்காமலே, உட்காருடா என்றாள். விளக்கைத் தூண்டி அம்சத்தின் முன்னால் தள்ளினாள்.

"படிம்மா. இன்னிக்கு எல்லாரும் இருக்கோம். நாளைக்கு யாரு இருப்போம்னு தெரியலை."

அம்சம் புத்தகத்தைப் பிரித்தாள். மழை பெய்யாத ஒரு ஊரில் கிணறு வெட்டுகிற நாலு பேரின் கதை. செவ்வந்தி இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள். அம்சம் நிறுத்தவில்லை. கதை முடிகிறவரைக்கும் படித்து, புத்தகத்தை மூடி, யாரோடும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அரசப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கியது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

வேம்பு எழுந்துபோய்க் கொல்லைப் படலை இழுத்துக் கட்டினாள். வாசல் கதவைச் சாத்தி, கழியைக் குறுக்கே போட்டாள். பாயைக் கதவுக்குக் குறுக்காக விரித்துப் படுத்துக்கொண்டு விளக்கை ஊதி அணைத்தாள்.

தெருக்கோடியில் நாய்கள் குரைத்தன. டார்ச் வெளிச்சம் ஒன்று கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து போயிற்று.

"அக்கா," என்றான் அரசப்பன் இருட்டிலிருந்து. "அவங்க வந்துடக் கூடாதுன்னு படுத்திருக்கியா? நான் போயிடக் கூடாதுன்னா?"

வேம்புவுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.